மேசைக் கணினிச் செயலியா, பணிநிலையச் செயலியா? வாங்கும் முன் அளந்து பார்க்கும் முறை

2017 ஆகஸ்டில் ஏஎம்டி நிறுவனம் த்ரெட்ரிப்பர் 1950எக்ஸ் செயலியை வெளியிட்டபோது, 16 கோர், அதாவது ஒரே செயலிக்குள் தனித்தனியாக வேலை செய்யும் 16 கணக்கிடும் அலகுகள், வேண்டும் என்பவர் அதற்கென்றே செயலியைப் பொருத்தும் தனிச் சாக்கெட்டும் தனி மதர்போர்டும் வாங்கியாக வேண்டியிருந்தது. இரண்டே ஆண்டுகள் கழித்து, 2019 நவம்பரில், அதே 16 கோரை ரைசன் 9 3950எக்ஸ் சாதாரண ஏஎம்4 சாக்கெட்டுக்குள் கொண்டுவந்துவிட்டது. இன்று ரைசன் 9 9950எக்ஸ் 16 கோரும், ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழைகளான 32 த்ரெட்டும் தருகிறது. இன்டெலின் கோர் அல்ட்ரா 9 285கே, 8 பெரிய கோர்களும் 16 சிறிய கோர்களுமாக 24 கோர் தருகிறது. பணிநிலையப் பக்கம், அதாவது கனமான தொழில்முறை வேலைகளுக்கான கணினிகளின் பக்கம், திரும்பினால் த்ரெட்ரிப்பர் 7980எக்ஸ் செயலியில் 64 கோர், த்ரெட்ரிப்பர் ப்ரோ 7995டபிள்யூஎக்ஸ் செயலியில் 96 கோர், இன்டெலின் ஸியான் டபிள்யூ9-3495எக்ஸ் செயலியில் 56 கோர் என்று எண்கள் ஏறிக்கொண்டே போகின்றன.

இந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவெடுப்பதுதான் பலரும் செய்யும் பிழை. பணிநிலையச் செயலிக்குப் போக வேண்டிய தேவை பெரும்பாலும் கோர் எண்ணிக்கையிலிருந்து பிறப்பதில்லை. நினைவகத்திலிருந்தோ விரிவாக்க அட்டைகளிலிருந்தோதான் பிறக்கிறது. ஆகவே கோரைப் பற்றிய கேள்வியை ஊகத்தால் அல்லாமல் கடிகாரத்தைக் கொண்டு தீர்த்துவிட்டு, மற்ற இரண்டையும் நிதானமாக ஆராய்வதே நான் பரிந்துரைக்கும் வழி.

முதலில் உங்கள் வேலையை அளந்து பாருங்கள்

இப்போது கையில் இருக்கும் கணினியே போதும். நீங்கள் அதிக நேரம் காத்திருக்கும் ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு காட்சியைக் கணித்துப் படமாக ரெண்டர் செய்வது, ஒரு பெரிய நிரலை முழுவதுமாகக் கம்பைல் செய்து இயங்கும் வடிவுக்கு மாற்றுவது, ஒரு கணிப்பு மாதிரியை ஓட்டுவது என எதுவாகவும் இருக்கலாம். கணினி தொடங்கும்போது திறக்கும் பயாஸ் அமைப்பில் ஒரு கோருக்கு இரண்டு த்ரெட் தரும் வசதியை நிறுத்திவிட்டு, அதே வேலையை 4 கோரில் ஒருமுறை, 8 கோரில் ஒருமுறை, இருந்தால் 16 கோரில் ஒருமுறை ஓட்டி, ஒவ்வொரு முறையும் ஆகும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரின் விவரப் பகுதியில் அந்த நிரலின் மீது வலது சொடுக்குச் செய்தால் எந்தெந்தக் கோரில் ஓட வேண்டும் என்று குறிக்கும் வசதி கிடைக்கும். லினக்ஸில் டாஸ்க்செட் கட்டளை அதே பணியைச் செய்யும். பெரிய கோரும் சிறிய கோரும் கலந்த இன்டெல் செயலிகளில் மட்டும் ஓர் எச்சரிக்கை தேவை: 8 பெரிய கோரோடு 8 சிறிய கோரைச் சேர்த்துவிட்டு வேகம் இரட்டிப்பாகவில்லையே என்று கணக்குப் போட்டால் விடை தவறாகவே வரும். அத்தகைய கணினியில் பெரிய கோர்களை மட்டும் வைத்து 2, 4, 8 என்று அளப்பதே நேர்மையான சோதனை.

கிடைத்த எண்களை வைத்து ஓர் எளிய கணக்குப் போடலாம். எந்த வேலையிலும் எத்தனை கோர் கொடுத்தாலும் குறையாத ஒரு பகுதியும், கோர்களுக்குள் பங்கு பிரியும் ஒரு பகுதியும் உண்டு. உங்கள் வேலை 8 கோரில் 60 நிமிடமும் 16 கோரில் 35 நிமிடமும் எடுத்தது என்று வைத்துக்கொள்வோம். பங்கு பிரியும் பகுதி 8 கோரில் எடுக்கும் நேரத்தில் பாதியை 16 கோரில் எடுக்கும்; குறைந்த 25 நிமிடம் அந்தப் பாதிதான். ஆகவே 16 கோரில் பங்கு பிரியும் பகுதி 25 நிமிடம், எஞ்சிய 10 நிமிடம் எதற்கும் அசையாத பகுதி. 32 கோரில் இந்த வேலை 22.5 நிமிடமும் 64 கோரில் ஏறத்தாழ 16 நிமிடமும் ஆகும். கோர் நான்கு மடங்காகியும் நேரம் பாதிக்குச் சற்றுக் கீழேதான் இறங்குகிறது. இதே வேலை 8 கோரில் 40 நிமிடமும் 16 கோரில் 36 நிமிடமும் எடுத்திருந்தால், அசையாத பகுதி 32 நிமிடம். 64 கோர் வாங்கினாலும் 33 நிமிடத்துக்குக் கீழே போகாது. அந்த ஒரு வரி போதும், பணிநிலையச் செயலியைக் கோருக்காக வாங்கும் எண்ணத்தைக் கைவிடுவதற்கு.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. ஜீன் அம்டால் 1967-இல் முன்வைத்த வாதமே பின்னர் அவர் பெயரால் ஒரு விதியாயிற்று. ஒரு வேலையில் 95 விழுக்காடு பங்கு பிரியக்கூடியதாக இருந்தாலும், 16 கோர் அதை ஏறத்தாழ 9 மடங்குதான் விரைவாக்கும்; 64 கோர் 15 மடங்கு; எண்ணற்ற கோர்களைக் கொட்டினாலும் 20 மடங்கைத் தாண்டாது. 99 விழுக்காடு பிரியும் வேலையிலோ 16 கோர் ஏறத்தாழ 14 மடங்கும் 64 கோர் 39 மடங்கும் தரும். 95-க்கும் 99-க்கும் இடையிலுள்ள அந்த 4 விழுக்காட்டில்தான் பெரிய செயலியின் பயனே அடங்கியிருக்கிறது. அதை உங்கள் வேலையை அளக்காமல் வேறு எவராலும் சொல்ல முடியாது. பிறர் வெளியிடும் சோதனை வரைபடங்களில் ரெண்டரிங் சோதனையே முன்னணியில் நிற்பதற்குக் காரணம், அது ஏறக்குறைய முழுவதும் பங்கு பிரியும் வேலை என்பதுதான். உங்கள் வேலை அப்படிப்பட்டதா என்பது வேறு கேள்வி.

கணக்கில் வராத இன்னொன்றும் உண்டு. கோர் கூடக் கூட ஒவ்வொரு கோரின் வேகமும் குறைகிறது. 9950எக்ஸின் அடிப்படை வேகம் 4.3 கிகாஹெர்ட்ஸ், உச்ச வேகம் 5.7, 7980எக்ஸின் அடிப்படை 3.2, உச்சம் 5.1. ஆகவே மேலே கணக்கிட்ட 16 நிமிடம் நடைமுறையில் இன்னும் கூடும்; அசையாத அந்த 10 நிமிடமும் சற்று நீளும். முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளில் மாதிரியைத் திருத்துவது இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. ஒரு துளை முந்தைய பரப்பையும், அந்தப் பரப்பு அதற்கு முந்தைய கோட்டையும் சார்ந்திருப்பதால், மாதிரி வரிசையாகத்தான் மீண்டும் கட்டப்படும். அந்த நேரத்தில் ஒரு கோர் உழைக்க, மற்ற 63 கோரும் வேடிக்கை பார்க்கும். ஒளிப்படத் திருத்தமும் விளையாட்டுகளும் பெரும்பாலும் இதே இனம்தான். விளையாட்டுக்காகப் பணிநிலையச் செயலி வாங்குவது, அதிகம் கொடுத்துக் குறைவாகப் பெறுவதாகவே முடியும். அங்கே 8 கோரும், செயலிக்குள்ளேயே உள்ள விரைவு நினைவகமான கேச் பெரிதாகவும் கொண்ட ரைசன் 7 7800எக்ஸ்3டி போன்ற சாதாரணச் செயலியே முந்தும்.

நினைவகம்: அளவு வேறு, வேகம் வேறு

எனக்குப் பணிநிலையச் செயலி தேவை என்று உறுதியாகச் சொல்லக்கூடியவர்களில் பலர், நினைவகம் தீர்ந்துபோய் வேலை நின்ற அனுபவம் உள்ளவர்களாகவே இருப்பார்கள். சாதாரண மதர்போர்டுகளில் நான்கு நினைவக ஸ்லாட் உண்டு. 64 ஜிபி அட்டைகளை ஏற்கும் போர்டாக இருந்தால் 256 ஜிபி வரை போடலாம். ஆனால் நான்கு ஸ்லாட்டையும் நிரப்பும்போது வேகம் விழுகிறது என்பதைப் பலரும் வாங்கிய பிறகே அறிகிறார்கள். 9950எக்ஸ் இரண்டு அட்டைகளோடு டிடிஆர்5-5600 வேகத்துக்கு உத்தரவாதம் தருகிறது. நான்கு அட்டைகளோடு அந்த உத்தரவாதம் 3600 ஆகக் குறைந்துவிடும். அதாவது வினாடிக்கு 89.6 ஜிபி என்ற தரவுக் கடத்தல் கொள்திறன் 57.6 ஜிபியாகச் சுருங்குகிறது. அதைவிட உயர்ந்த வேகத்தில் ஓடும் போர்டுகளும் உண்டுதான், ஆனால் இரவு முழுவதும் ஓடும் கணக்கீட்டை அந்த அதிர்ஷ்டத்தின் மேல் கட்டிவைக்க நான் துணிய மாட்டேன். 256 ஜிபிக்கு மேல் தேவை என்றால் விவாதத்துக்கே இடமில்லை: சாதனங்களைச் செயலியோடு இணைக்கும் சில்லான டிஆர்எக்ஸ்50 சிப்செட் கொண்ட த்ரெட்ரிப்பர் போர்டுகள் 1 டிபி வரையும், ப்ரோ வகை 2 டிபி வரையும் ஏற்கின்றன.

கொள்திறனில்தான் ஒரு சுவையான முரண் ஒளிந்திருக்கிறது. சாதாரணச் செயலிக்கு நினைவகத்தோடு பேச இரண்டு சேனல். த்ரெட்ரிப்பர் 7980எக்ஸுக்கு நான்கு. ப்ரோ வகைக்கு எட்டு. டிடிஆர்5-5200 வேகத்தில் நான்கு சேனல் வினாடிக்கு 166.4 ஜிபி தருகிறது. கேட்பதற்குப் பெரிதாக இருந்தாலும் அதை 64 கோருக்குப் பங்கிட்டால் ஒரு கோருக்கு 2.6 ஜிபிதான் தேறும். 89.6 ஜிபியை 16 கோருக்குப் பங்கிடும் சாதாரணச் செயலியில் ஒரு கோருக்கு 5.6 ஜிபி கிடைக்கிறது. எட்டு சேனல் கொண்ட ப்ரோ வகையில் 332.8 ஜிபியை 64 கோருக்குப் பிரித்தால்தான் 5.2 ஜிபியாகி மீண்டும் பழைய நிலைக்கு வருகிறோம். நீர்ம ஓட்டக் கணிப்பு போன்று பெரிய தரவுத் தொகுதிகளை ஓயாமல் நினைவகத்திலிருந்து இழுக்கும் வேலைகளில், நான்கு சேனலில் 64 கோர் என்பது நான்கு குழாய் உள்ள இடத்தில் அறுபத்துநான்கு குடங்களை வரிசையில் வைப்பதைப் போன்றது. அந்த வேலைக்கு எட்டு சேனலும் 32 கோரும் கொண்ட செயலி, நான்கு சேனலும் 64 கோரும் கொண்டதைவிடப் பொருத்தமானது.

உங்கள் வேலை இந்த வகையா என்பதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு, செலவில்லாதது. கணினியை அணைத்து, இரண்டு நினைவக அட்டைகளில் ஒன்றைக் கழற்றிவிட்டு, அதே வேலையை மீண்டும் ஓட்டுங்கள். எஞ்சிய நினைவகத்துக்குள் வேலை அடங்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. அடங்காவிட்டால் சிறிய மாதிரி ஒன்றைப் பயன்படுத்துங்கள். சேனல் பாதியானதும் நேரம் ஏறத்தாழ இரட்டிப்பானால் உங்கள் வேலைக்குத் தட்டுப்பாடு நினைவக வேகத்தில்தான் இருக்கிறது. கோரைக் கூட்டிப் பயனில்லை, சேனலைக் கூட்டுங்கள். நேரம் அசையவே இல்லையென்றால் சேனல்களைப் பற்றிய கவலையை விட்டுவிடலாம். ரெண்டரிங் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையில் விழும்.

கோர்கள் மட்டும் பெருகி நினைவகப் பாதை பெருகாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 2018-இல் வந்த 32 கோர் த்ரெட்ரிப்பர் 2990டபிள்யூஎக்ஸ் ஒரு பாடம். அதன் நான்கு சில்லுகளில் இரண்டுக்கு மட்டுமே நினைவகத்தோடு நேரடித் தொடர்பு இருந்தது. மற்ற இரண்டும் அண்டைச் சில்லின் வழியாகத்தான் ஒவ்வொரு தரவையும் பெற வேண்டியிருந்தது. அதனால் சில வேலைகளில் 16 கோர் செயலியே அதை முந்தியது. இன்றைய வடிவமைப்பில் நினைவகப் பாதைகள் ஒரே நடுச் சில்லில் குவிந்திருப்பதால் அந்தக் குறை நீங்கிவிட்டது.

பிழை திருத்தும் நினைவகம் பற்றியும் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். டிடிஆர்5 அட்டைகள் எல்லாவற்றிலும் சில்லுக்குள்ளேயே ஒரு திருத்த ஏற்பாடு உண்டு. ஆனால் சில்லிலிருந்து செயலிவரை போகும் வழியில் ஏற்படும் பிழையை அது கவனிக்காது, நடந்ததைக் கணினிக்குத் தெரிவிப்பதும் இல்லை. முழுமையான பிழை திருத்தம், அதாவது இசிசி, என்பது வேறு. அதைப் பெறுவதற்காகப் பணிநிலையச் செயலிக்குத்தான் போக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை: ரைசன் 9000 வரிசைச் செயலிகள், மதர்போர்டும் இடம் கொடுத்தால், இசிசியை ஏற்கும், இன்டெலின் 12 முதல் 14 வரையான தலைமுறைகளில் டபிள்யூ680 சிப்செட் போர்டோடு பல செயலிகள் ஏற்கும். நாள்கணக்கில் ஓடும் கணக்கீடுகளுக்கும் தரவுச் சேமிப்புக்கும் அது தேவை. ஒரு மணி நேர ரெண்டரிங்கில் ஒரு புள்ளியின் நிறம் பிசகுவதற்காக அதைத் தேடி ஓட வேண்டியதில்லை.

லேன்களை எண்ணுவது

ஒரு தாளை எடுத்து, கணினியில் செருகப்போகும் அனைத்தையும் எழுதுங்கள்: கிராபிக்ஸ் கார்டுகள் எத்தனை, வேகமான எஸ்எஸ்டிகள் எத்தனை, 10 கிகாபிட்டுக்கு மேற்பட்ட நெட்வொர்க் கார்டு உண்டா, வீடியோ பதிவு அட்டை உண்டா. 9950எக்ஸ் போன்று ஏஎம்5 சாக்கெட்டில் பொருந்தும் செயலிகளில் பயனருக்குக் கிடைப்பவை, செயலியையும் அட்டைகளையும் இணைக்கும் தரவுப் பாதைகளான 24 பிசிஐ எக்ஸ்பிரஸ் லேன்கள்: 16 கிராபிக்ஸ் கார்டுக்கு, நான்கு நான்காக எட்டு எஸ்எஸ்டி போன்ற பிற சாதனங்களுக்கு. மற்ற எல்லாச் சாதனங்களும் சிப்செட் வழியாகப் போய், கடைசியில் நான்காம் தலைமுறையின் நான்கு லேன் கொண்ட ஒரே இணைப்பில், வினாடிக்கு ஏறத்தாழ 8 ஜிபியில், நெருக்கியடித்துக்கொண்டு செயலியை அடைகின்றன. ஒரு கிராபிக்ஸ் கார்டும் இரண்டு எஸ்எஸ்டியும் என்றால் இதில் குறையொன்றுமில்லை. இரண்டு கிராபிக்ஸ் கார்டு என்றால், போர்டு அனுமதித்தால், எட்டும் எட்டுமாகப் பிரியும். ரெண்டரிங்குக்கு அதுவும் போதும், ஏனென்றால் காட்சி ஒருமுறை கார்டின் நினைவகத்துக்குள் ஏறியபின் போக்குவரத்து குறைவு. மூன்றாவது கார்டு என்று எழுதியவுடன் அந்தத் தாள் உங்களுக்காக முடிவெடுத்துவிட்டது. ஸியான் டபிள்யூ-2400 வரிசை 64 லேனும், டபிள்யூ-3400 வரிசை 112 லேனும், த்ரெட்ரிப்பர் ப்ரோ 7000 வரிசை 128 லேனும் ஐந்தாம் தலைமுறை வேகத்தில் தருகின்றன. ப்ரோ அல்லாத த்ரெட்ரிப்பர் 7000 வரிசையில் ஐந்தாம் தலைமுறை லேன்கள் 48.

எந்த மதர்போர்டை வாங்கும் முன்னும் அதன் கையேட்டில் லேன்கள் எப்படிப் பிரிக்கப்பட்டுள்ளன என்ற படத்தைத் தேடிப் பார்ப்பது நல்லது. மூன்றாவது எஸ்எஸ்டியைச் செருகியதும் ஒரு ஸ்லாட் பாதி வேகத்துக்கு இறங்குவதும், சில சாட்டா இணைப்புகள் செயலிழப்பதும் அங்கே சிறிய எழுத்தில் குறிக்கப்பட்டிருக்கும். நான் ஒருமுறை அந்தச் சிறிய எழுத்தைப் படிக்காமல், இயங்காத வன்தட்டைப் பழுது என்று நினைத்து அரைநாள் கேபிள்களை மாற்றிக்கொண்டிருந்தேன்.

செயலியோடு கூட வருபவை

9950எக்ஸின் வெப்ப வரையறை 170 வாட். 7980எக்ஸுடையது 350 வாட். இரவு பகலாக ஓடும் கணினியில் இந்த வித்தியாசம் மின்கட்டணத்திலும் அறையின் வெக்கையிலும் தெரியும். த்ரெட்ரிப்பர் சாக்கெட்டில் 4844 தொடுமுனைகள், ஏஎம்5 சாக்கெட்டில் 1718. செயலியின் மேற்பரப்பும் அந்த அளவுக்குப் பெரிது என்பதால் சாதாரணக் கூலரின் அடித்தட்டு அதை முழுவதும் மூடாது, அதற்கென்றே செய்யப்பட்ட கூலர் வேண்டும். போர்டுகள் பெரும்பாலும் சாதாரண அளவைவிடப் பெரியவை. கேபினெட்டில் இடம் இருக்கிறதா என்று அளந்து பார்க்க வேண்டும். த்ரெட்ரிப்பரில் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. சாதாரண மேசைக் கணினியின் டிடிஆர்5 அட்டைகளும் இந்த டிஆர்எக்ஸ்50 போர்டுகளுக்குப் பொருந்தா. பதிவேட்டுச் சில்லு கொண்ட, ஆர்டிம் எனப்படும் தனி வகை அட்டைகளை வாங்க வேண்டும். இவை அனைத்தையும் கூட்டியே விலையை ஒப்பிட வேண்டும். செயலியின் விலையை மட்டும் ஒப்பிடுவது பாதிக் கணக்கு.

மென்பொருள் உரிமத்தையும் படித்துப் பாருங்கள். சில பொறியியல் மென்பொருள்களும் தரவுத்தள மென்பொருள்களும் கோர் எண்ணிக்கைக்கு ஏற்பக் கட்டணம் வாங்குகின்றன. அங்கே கூடுதல் கோர் என்பது ஆண்டுதோறும் வரும் செலவு. அப்படிப்பட்ட இடத்தில் குறைவான, ஆனால் வேகமான கோர்களே இலாபம். விண்டோஸில் இன்னொரு சிக்கல்: 64-க்கு மேற்பட்ட த்ரெட்டுகளை அது 64 கொண்ட குழுக்களாகப் பிரிக்கிறது. விண்டோஸ் 11-க்கு முந்தைய பதிப்புகளில், இதை அறிந்து எழுதப்படாத ஒரு நிரல் ஒரு குழுவுக்குள்ளேயே அடங்கிவிடும். 128 த்ரெட் கொண்ட செயலியில் பாதி சும்மா கிடக்கும்.

பிற்காலத்தில் செயலியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில் பெரிய தளத்தை வாங்குவோரும் உண்டு. வரலாறு அவர்களுக்கு ஆதரவாக இல்லை. 2019-இல் வந்த டிஆர்எக்ஸ்40 போர்டுகளில் த்ரெட்ரிப்பர் 3000 வரிசைக்குப் பிறகு எந்தச் செயலியும் பொருந்தவில்லை. அடுத்து வந்த 5000 வரிசை ப்ரோ வகையாக மட்டும், வேறொரு சாக்கெட்டில் வந்தது. அதே காலத்தில் சாதாரண ஏஎம்4 போர்டுகளை வாங்கியவர்கள் பலமுறை செயலியை மாற்றிக்கொண்டார்கள்.

முடிவெடுக்கும் இடம்

அளந்த எண்களும் லேன் தாளும் கையில் இருந்தால் பலருக்கு விடை தானாகவே தெரிந்துவிடும். உங்கள் வேலை 16 கோரில் ஓரளவு நன்றாகப் பங்கு பிரிகிறது, நினைவகம் 128 ஜிபிக்குள் அடங்குகிறது, கிராபிக்ஸ் கார்டு ஒன்று அல்லது இரண்டு என்றால் சாதாரணச் செயலியின் உச்ச வகையை வாங்கி, மிஞ்சும் பணத்தை நினைவகத்திலோ கிராபிக்ஸ் கார்டிலோ போடுங்கள். நினைவகமும் லேனும் மட்டுமே தேவை, கோர் தேவையில்லை என்றால் 24 கோர் கொண்ட த்ரெட்ரிப்பர் 7960எக்ஸ் போன்ற தொடக்க வகை போதும். அதில் கோருக்காக அல்லாமல் தளத்துக்காகவே பணம் கொடுக்கிறீர்கள் என்ற தெளிவு மட்டும் இருக்க வேண்டும். 64 கோர், வேலை 99 விழுக்காட்டுக்கு அருகில் பங்கு பிரிகிறது என்று அளந்து கண்டவர்களுக்கும், பல மெய்நிகர் கணினிகளை ஒரே பெட்டியில் நாள் முழுவதும் ஓட்டுபவர்களுக்கும் உரியது.

ரெண்டரிங் போன்று தனித்தனிச் சட்டகங்களாகப் பிரியும் வேலை என்றால் மூன்றாவது வழி ஒன்றையும் யோசிக்கலாம்: ஒரு பெரிய கணினிக்குப் பதிலாக 16 கோர் கணினிகள் இரண்டு. ஒன்று ரெண்டர் செய்துகொண்டிருக்கும்போது மற்றொன்றில் தடையின்றி வேலை பார்க்கலாம், ஒன்று பழுதானாலும் மற்றொன்று நிற்காது. மாதத்தில் ஓரிரு நாள் மட்டுமே பெரும் கணக்கீடு வருகிறது என்றால் மேகக் கணினியை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்பது அதைவிடவும் பொருத்தம். ஆனால் 300 ஜிபி நினைவகம் கேட்கும் ஒற்றை வேலைக்கு இரண்டு சிறிய கணினிகள் எந்த வகையிலும் ஈடாகா.

நான்கு சேனல் கொண்ட பணிநிலையத் தளத்தையே தேர்ந்தெடுத்தால், நான்கு சேனலுக்கும் ஒரே வகையான நான்கு அட்டைகளை ஒரே தொகுப்பாக வாங்குங்கள். பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு மட்டும் போட்டால், எந்தக் கொள்திறனுக்காக இத்தனையும் செய்தோமோ அதில் பாதியை இழப்போம். முதல்முறை மின்சாரம் கொடுத்ததும், நினைவகத்தைப் பழக்கிக்கொள்ள இந்தப் போர்டுகள் பல நிமிடங்கள் எடுக்கும். திரை இருண்டே கிடக்கும், விசிறிகள் மட்டும் சுழலும். அந்த நேரத்தில் பொறுமையிழந்து மின்சாரத்தைத் துண்டித்தால் பழக்கம் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். போர்டில் உள்ள குறியீட்டுத் திரையின் எண் மாறுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு காத்திருங்கள்.